முதல் மெட்டல் டிடெக்டர் எது வாங்கலாம்? காங்கயம் பக்கம், செம்மண் காடு, தேடுவது அம்மாவின் தோடு

வட்டக்கிணறு – சனி இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஊர் காங்கயத்துக்குத் தெற்கே, அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சாளையிலேயே இருக்கிறார்கள். போன மாதம் கடலைக்காய் பிடுங்கி முடித்த அன்று சாயங்காலம் அம்மா பொடக்காலிக்குக் கைகால் கழுவப் போனபோதுதான் வலது காதில் தோடு இல்லை என்று தெரிந்தது. அரைப் பவுன், கல் வைக்காத பழைய தோடு, எங்கள் அப்பத்தா போட்டிருந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை காட்டில், அப்புறம் களத்தில் காய் ஆய்ந்தது, நடுவில் நாலு தடவை கொடி சுமந்தது. எங்கே விழுந்தது என்று சாமிக்குத்தான் தெரியும். ஒன்றேகால் ஏக்கர். சீமாற்றால் கூட்டிப் பார்த்தோம், சல்லடை போட்டும் பார்த்தோம்.

அதனால் ஒரு டிடெக்டர் வாங்கலாம் என்று யோசனை. தோடு கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள ஆசை, சின்ன வயதிலிருந்தே இதன் மேல் ஒரு கண். பட்ஜெட் 25 ஆயிரம், கஷ்டப்பட்டால் 30. ஆன்லைனில் ஒன்று ஒன்பதாயிரத்துக்கு, ‘10 மீட்டர் ஆழத்துத் தங்கத்தையும் காட்டும்’ என்று போட்டிருக்கிறது. எடுக்கலாமா?

நொய்யல்நரி – சனி இரவு 9.30

10 மீட்டர் என்றால் உங்கள் வட்டக்கிணற்றில் பாதி ஆழம். அந்த ஆழத்தில் தோடு கிடந்தால் அதை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாம் தம்பி, ஜேசிபி வாடகைக்கே அரைப் பவுன் போய்விடும்.

கொழுமுனை – சனி இரவு 10.55

தம்பி, அந்த ஒன்பதாயிரத்தை அப்படியே பையில் வையுங்கள். நான் இங்கிலாந்தில் ஆறு வருடம் வேலை பார்த்தபோது இந்தப் பைத்தியம் பிடித்தது, இப்போது பெருந்துறையில் வெல்டிங் பட்டறை, ஆனாலும் விடவில்லை. மொத்தம் நாலு மெஷின் வாங்கி மூன்றை விற்றிருக்கிறேன். முதலில் வாங்கியது நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு மலிவுச் சரக்கு. அதை வீசினால் புல்லுக்கும் கத்தும், வெயிலுக்கும் கத்தும், கீழே ஐம்பது பென்னி கிடந்தால் மட்டும் மரியாதையாக அமைதி காக்கும்.

ஆழத்தைப் பற்றி ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். காசு அளவு பொருள் நல்ல மெஷினிலேயே ஒரு சாண், மண் ஒத்துழைத்தால் இன்னும் கொஞ்சம். தோடு அளவு என்றால் அதிலும் பாதியை எதிர்பாருங்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துப் பட்டா மாதிரி பெரிய இரும்பு என்றால் முழ ஆழத்துக்குக் கீழேயும் குரல் கொடுக்கும். இதற்கு மேல் ஒருவர் மீட்டர் கணக்கில் பேசினால் அவர் ஆழத்தில் தேடுகிற பெரிய சட்டத்து மெஷினைச் சொல்கிறார், இல்லாவிட்டால் பொய் சொல்கிறார். உங்களுக்கு ஆழம் ஒரு பிரச்சினையே இல்லை. போன மாதம் விழுந்த தோடு, உழவு ஓட்டாமல் இருந்தால் மேல் மண்ணில்தான் கிடக்கும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? உங்கள் மண்ணைப் பார்த்து. இதை எந்த வீடியோவும் சொல்லாது, ஏனென்றால் அவர்கள் வீசுவது பச்சைப் பசேல் என்ற இங்கிலாந்துப் புல்வெளியில். நம்முடையது இரும்புச் சத்து ஏறிய செம்மண், கீழே சுக்கான்கல், ஓடைப் பக்கம் போனால் கருமணல். சேலத்துக் கஞ்சமலையில் காந்தக்கல்லாகவே கிடக்கிறது. அந்தத் தூள் நம் காடுகளிலும் எச்சாகவோ குறைச்சலாகவோ இருக்கிறது. ஒரு காந்தத்தை பாலித்தீன் பையில் போட்டு உங்கள் காட்டுப் புழுதியில் நாலு இழுப்பு இழுங்கள். கருப்பாக மீசை முளைத்து வரும். டிடெக்டரின் காயிலுக்கு, அதாவது கீழே தட்டு மாதிரி இருக்கிற கம்பிச் சுற்றுக்கு, அந்த மீசைதான் முதல் எதிரி. தரை முழுவதுமே லேசாகக் கத்துகிற மாதிரி அதற்குக் கேட்கும், அந்த இரைச்சலைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டும் திறமைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதன் பெயர் கிரவுண்ட் பேலன்ஸ். காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை சரி செய்வது. அந்த வசதி உள்ள மெஷினாக எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மோட்டார்ரூம் – சனி இரவு 11.20

அண்ணன் சொன்னது சரி, ஆனால் பல்ஸ் இண்டக்‌ஷனை, அதாவது விட்டு விட்டுத் துடிப்பாக அலை அனுப்புகிற வகையை, மறந்துவிட்டார். மண்ணில் இரும்புச் சத்து என்றால் பல்ஸ் மெஷின்தான் ராஜா. தரையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. சர்க்யூட்டும் எளிது, நான் சோமனூரில் இருந்துகொண்டு கேபிள் ஒயரில் காயில் சுற்றி மூவாயிரத்து சொச்சத்தில் ஒன்று செய்தேன். ஆழமும் நன்றாகப் போகிறது.

கொழுமுனை – சனி இரவு 11.41

போகும் தம்பி, யார் இல்லையென்றார். ஆனால் அது இரும்பு எது, தங்கம் எது என்று பிரித்துச் சொல்லாதே. காங்கயம் காடு என்றால் என்ன அர்த்தம்? நூறு வருடமாக மாடு கட்டி உழுத காடு. ஒவ்வொரு சாலிலும் ஒரு லாடம் கழன்றிருக்கும், லாடத்தாணி எத்தனை விழுந்திருக்கும் என்று எண்ண முடியாது. வட்டக்கிணறு தம்பி பல்ஸ் மெஷினோடு இறங்கினால் ஒரு நாளைக்கு அறுபது பள்ளம் தோண்டி அறுபது ஆணி எடுப்பார். மூன்றாவது ஞாயிறு அந்த மெஷின் பரணுக்குப் போய்விடும்.

முதல் மெஷினுக்கு விஎல்எஃப், அதாவது மிகத் தாழ்ந்த அலைவரிசை வகைதான் சரி. ஒரு காயில் அலையை அனுப்புகிறது, கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்சாரம் பிறந்து திருப்பி அனுப்புகிறது, அந்தத் திரும்பும் அலை எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்து இரும்பா அலுமினியமா வெள்ளியா என்று ஒரு நம்பர் காட்டுகிறது. அந்த நம்பரை வேதவாக்காக எடுக்காதீர்கள், அது ஜோசியர் சொல்கிற மாதிரி, பாதி உண்மை. ஆனால் பாதி உண்மையாவது இருக்கிறதே.

மோட்டார்ரூம் – சனி இரவு 11.58

லாடம் பாயிண்டுக்கு பதில் இல்லைங்ணா. ஒத்துக்கொள்கிறேன். என் மெஷின் என்னவோ தறிக் குடோனுக்குப் பின்னால் இருபது கிலோ போல்ட் எடுத்துக் கொடுத்தது, பழைய இரும்புக்காரருக்குச் சந்தோஷம்.

வட்டக்கிணறு – ஞாயிறு காலை 7.05

காந்தம் இழுத்துப் பார்த்தேன். மீசை இல்லைங்க, தாடியே வந்துவிட்டது. அப்பா என்னடா செய்கிறாய் என்று கேட்டார், மண் பரிசோதனை என்றேன். பெயர் சொல்லி ரெண்டு மூன்று மாடல் சொல்லுங்களேன்.

கொழுமுனை – ஞாயிறு காலை 10.20

மூன்று பெயர் சொல்கிறேன். மூன்றும் ஒன்றேகால் கிலோ, ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும், கை வலிக்காது.

காரெட் ஏஸ் 300. பழைய குடும்பம், கெட்டி, 8 கிலோஹெர்ட்ஸ், சாதாரண பென்சில் செல் நாலு போட்டால் ஓடும். எடுத்த எடுப்பில் பழகிவிடலாம். ஆனால் கிரவுண்ட் பேலன்ஸ் கம்பெனியிலேயே வைத்து அனுப்பியதுதான், நாம் மாற்ற முடியாது. அமெரிக்கப் பார்க்கில் காசு தேடுகிறவருக்கு அது போதும், தாடி முளைக்கிற மண்ணுக்கு என் ஓட்டு அதற்கு இல்லை.

நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ். துருக்கிக்காரர்கள் 2019-ல் விட்டது, 12 கிலோஹெர்ட்ஸ். அந்த விலைக்கு அதுவரை யாரும் தராததையெல்லாம் தந்தார்கள்: கையால் சரி செய்கிற கிரவுண்ட் பேலன்ஸ், முழு மெஷினும் தண்ணீருக்குள் போகலாம், சார்ஜ் போடுகிற பேட்டரி, இருட்டில் வெளிச்சம். 11 அங்குலக் காயில். அதே பெயரில் பின்னால் வந்த தம்பிகளும் உண்டு.

மைன்லேப் வான்குவிஷ் 340 அல்லது 440. ஆஸ்திரேலியக் கம்பெனி, அங்கே மண் நம்மைவிட மோசம், அதனால் தரை இரைச்சலை அடக்குவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரே நேரத்தில் பல அலைவரிசை போகும், தரையைத் தானாகவே சரி செய்துகொள்ளும், நாம் தலையிட வழியில்லை, தேவையும் அதிகம் வராது. நகைக்கென்று தனி மோடு இருக்கிறது. மழைக்குக் காயில் நனையலாம், மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது.

இதில் எது என்று என்னைக் கேட்டால் பின்னால் சொன்ன ரெண்டில் எது நல்ல விலைக்கு, சர்வீஸ் செய்து தருகிற ஆளிடம் கிடைக்கிறதோ அது. மீதிப் பணத்தில் ஒரு பின்பாயிண்டர் வாங்குங்கள், கேரட் மாதிரி கையில் பிடிக்கிறது. பெரிய காயில் ‘இங்கே எங்கேயோ’ என்றுதான் சொல்லும், தோண்டிய மண்ணில் தோடு எந்தப் பிடியில் இருக்கிறது என்று சொல்வது அந்தக் கேரட்தான். அது இல்லாமல் ஒரு பள்ளத்துக்குக் கால் மணி நேரம் ஆகும், அம்மாவின் கோபம் தனி.

அமராவதிமணல் – ஞாயிறு பகல் 1.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். தங்கத்தைத் தேடுகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தங்கம் மெஷினில் ஒன்றும் மகாராஜா மாதிரி வராது. வெள்ளி ரூபாயும் செம்புக் காலணாவும்தான் உயர்ந்த நம்பரில் கணீரென்று அடிக்கும். சின்னத் தங்கம் கீழ் நம்பரில், மாத்திரை அட்டை, பாக்கு பாக்கெட்டின் ஜிகினாத் தாள், குவார்ட்டர் பாட்டில் மூடி, இவற்றோடு பாய் போட்டுப் படுத்திருக்கும். நிறையப் பேர் குப்பை வேண்டாம் என்று அந்த நம்பர்களுக்கு மெஷின் கத்தாதபடி அடைத்து வைத்துவிட்டுத் தேடுவார்கள், அவர்கள் அடைத்தது குப்பையை மட்டும் இல்லை.

இன்னொன்று, தொலைந்தது தோடு என்பதால் பரவாயில்லை. மெல்லிய செயின் என்றால் ரொம்பக் கஷ்டம். மெஷினுக்கு முழுச் செயின் தெரியாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத்தான் தெரியும், அந்தக் கண்ணி எவ்வளவு சின்னது பாருங்கள். ஒரு பவுன் செயினைவிடக் கால் பவுன் மோதிரம் சத்தமாகக் கத்தும்.

காசு விஷயத்திலும் நம் ஊருக்கு ஒரு கூத்து உண்டு. இப்போது புழங்குகிற ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். இரும்பை அடைத்து வைத்தால் அதுவும் சேர்ந்து காணாமல் போகும். பவானி கூடுதுறையில் பையன்கள் கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் வீசிக் காசு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், டிடெக்டரைவிட அவர்கள் வருமானம் அதிகம்.

கொழுமுனை – ஞாயிறு பகல் 2.02

அமராவதிமணல் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. உங்களிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, அது இடது காதுத் தோடு! அதே எடை, அதே தங்கம். மெஷின் வந்ததும் அதை மண்ணில் வைத்து, விரல் ஆழம், நாலு விரல் ஆழம் புதைத்து, படுக்க வைத்து, நிமிர்த்தி வைத்து, எல்லா வாட்டத்திலும் என்ன நம்பர் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். உலகத்தில் எத்தனையோ பேர் தொலைத்த மோதிரத்துக்கு இணை இல்லாமல் குத்துமதிப்பாகத் தேடுகிறார்கள்.

வட்டக்கிணறு – ஞாயிறு பகல் 2.30

கேட்டுப் பார்த்தேன். ‘ஒன்றைத் தொலைத்தது நான், இன்னொன்றைத் தொலைக்க நீயா’ என்று கரண்டியோடு வந்துவிட்டார்.

நொய்யல்நரி – ஞாயிறு பகல் 3.10

தோட்டை விடுங்கப்பா. மெஷின் வந்ததும் நாம் எல்லாரும் ஒரு நாள் ராத்திரி, அகழாய்வு நடந்த கொடுமணல் பக்கம் போனால் என்ன? ரோமாபுரிக் காசு அள்ளி அள்ளிக் கிடக்கிறதாம். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கம்பி மெஷின் இருக்கிறது, ரெண்டு பித்தளைக் கம்பி, தங்கம் இருக்கும் திசையில் தானாகத் திரும்பும், ஒரு கிலோமீட்டர் வரை காட்டுமாம். பேட்டரி கூட வேண்டாம்.

சென்னிமலைக்காரி – ஞாயிறு பகல் 3.44

நரி அண்ணா, விளையாட்டுக்குச் சொன்னாலும் இதைப் படித்துவிட்டு நாலு பேர் நிஜமாகவே போவார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் வரலாற்று டீச்சர், அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போகிற தூரம்.

கொடுமணலில் அள்ளுகிற மாதிரி ரோமானியக் காசு கிடையாது. அங்கே இருந்தது உலை. இரும்பு உருக்கியிருக்கிறார்கள், எஃகு செய்திருக்கிறார்கள், பக்கத்தில் படியூரிலிருந்து வந்த பச்சைக்கல்லையும் மற்ற மணிகளையும் பட்டை தீட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் ஆள் பெயரைப் பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கீறி வைத்திருக்கிறார்கள். 1980களிலிருந்து பல முறை அகழ்ந்தும் இன்னும் முடியவில்லை. உங்கள் மெஷினோடு அங்கே போனால் கிடைக்கப் போவது உலையில் மிஞ்சிய கசடான இரும்புக் கிட்டம்தான், காலுக்குக் கால் கத்தும். நீங்கள் அதைத் தோண்டித் தூக்கிப் போட்ட பிறகு, அந்தக் கிட்டம் எந்த மண்ணடுக்கில், எந்த உலைக்குப் பக்கத்தில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கிட்டத்துக்கு விலை இல்லை, அது கிடந்த இடத்துக்குத்தான் விலை.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ல் போட்ட புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்தது எதுவானாலும், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். சொந்தக் காட்டில் கிடைத்தாலும்தான். சொல்லாமல் மறைத்தால் உங்கள் பங்கும் போகும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. முறையாகச் சொன்னால், உரிமை கோர யாரும் இல்லாதபோது, எடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு பிரிக்க அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவது 1958-ன் மத்தியச் சட்டப்படியும் 1966-ன் நம் மாநிலச் சட்டப்படியும் தனிக் குற்றம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு, சிலை எல்லாம் 1972 சட்டத்தில் தொல்பொருள், அதை வாங்கி விற்கிற தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

அம்மாவின் தோடு புதையல் இல்லை தம்பி, பயப்படாமல் தேடுங்கள்.

அமராவதிமணல் – ஞாயிறு மாலை 4.25

அக்கா சொல்வது நூறு சதம். கரூரில் அமராவதி மணலைச் சலித்துச் சலித்து எடுத்த காசுகளால்தான் சேரர் காசு பற்றி இவ்வளவு தெரிந்தது, மாக்கோதை என்று பெயர் போட்ட வெள்ளிக் காசு உட்பட. ஆனால் எந்தக் காசு எந்த இடத்தில் எதனோடு கிடந்தது என்று கேட்டால் ‘ஆற்றில்’ என்ற ஒரே பதில்தான். எனக்கே அது வருத்தம். சின்ன வயதில் நானும் சல்லடையோடு நின்றவன்.

கொழுமுனை – ஞாயிறு மாலை 5.50

டீச்சரம்மா எழுதியதைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது. 1992 நவம்பரில் இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஹாக்ஸ்னி என்ற ஊரில் ஒரு விவசாயி காட்டில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் ஒருவர், ரிட்டையர்மெண்டுக்குப் பரிசாக வந்த டிடெக்டரை எடுத்துக்கொண்டு தேடப் போனார். சுத்தியலுக்குப் பதில் தங்கமும் வெள்ளியுமாக ரோமானியக் காசு வர ஆரம்பித்தது. கொஞ்சம் எடுத்தார், அதோடு நிறுத்திவிட்டு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். மறுநாள் தொல்லியல் ஆட்கள் வந்து மண்ணோடு அலுங்காமல் எடுத்தார்கள். ஏறக்குறைய 15 ஆயிரம் காசு, அதோடு வெள்ளிக் கரண்டிகள், நகைகள், அவை வைத்திருந்த மரப்பெட்டியின் தடம் வரை தெரிந்தது. பரிசு 17½ லட்சம் பவுண்டு. அவர் விவசாயியோடு பங்கு போட்டுக்கொண்டார். மேலே தோண்டாமல் நிறுத்தியதற்குத்தான் அவருக்கு நல்ல பெயர். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நரி சொன்ன கம்பி மெஷின்: அதே குடும்பத்துச் சரக்கு ஒன்றை, கோல்ஃப் பந்து தேடுகிற பொம்மையை, வெடிகுண்டு கண்டுபிடிக்கிற கருவி என்று பெயர் மாற்றி ஈராக்குக்குக் கோடிக்கணக்கில் விற்றார் ஒருவர். 2013-ல் லண்டனில் அவருக்குப் பத்து வருடம் தண்டனை கிடைத்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. நம் ஊரில் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போர்வெல் போடுகிற இடம் பார்க்கிறார்கள், அதற்காவது தேங்காய் சட்னிக்கு ஆகும்.

நொய்யல்நரி – ஞாயிறு மாலை 6.15

சரி சரி, கொடுமணல் வாபஸ். கம்பியும் வாபஸ். தேங்காயைப் பற்றி மட்டும் பேசாதீர்கள், எங்கள் தோட்டத்து போர் அப்படிப் போட்டதுதான், ரெண்டரை இன்ச் தண்ணீர்.

மோட்டார்ரூம் – ஞாயிறு மாலை 6.40

உருப்படியாக ஒன்று சொல்கிறேன், என் தொழில் சம்பந்தப்பட்டது. தேடப் போகும்போது கிணற்று மோட்டாரை நிறுத்துங்கள், வேலிக்குக் கரண்ட் விடுகிற பெட்டி இருந்தால் அதையும். மேலே ஹைடென்ஷன் லைன் போனால் அதன் அடியில் மெஷின் காரணமில்லாமல் பிதற்றும், அப்போது சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள், அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்துகிற வசதி இருந்தால் நகர்த்துங்கள். புதிதாக வாங்கியவர்கள் எல்லாம் சென்சிட்டிவிட்டியை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு மெஷின் ரிப்பேர் என்பார்கள். பாக்கெட்டில் இருக்கிற செல்போனும் கத்த வைக்கும். செருப்பு போட்டுப் போங்கள், ஷூ வேண்டாம், முன்னால் இரும்பு வைத்த ஷூ என்றால் ஒவ்வொரு வீச்சிலும் உங்கள் காலையே கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு நாள் முழுக்கக் கண்டுபிடித்தேன்.

கொழுமுனை – ஞாயிறு இரவு 8.30

தம்பி, இன்னொரு யோசனை. உடனே வாங்க வேண்டாம். பெருந்துறையிலிருந்து காங்கயம் என்ன தூரம். அடுத்த ஞாயிறு காலையில் என் சிம்ப்ளெக்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். உங்கள் மண்ணில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை உழவு ஓட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். கல்டிவேட்டர் ஒரு தடவை போனால் தோடு எங்கேயோ போய்விடும், மண்ணும் பொலபொலவென்று ஆகி சத்தம் குறையும்.

ஒரு சந்தேகம். கொடியைப் பிடுங்கிச் சுமந்து எங்கே போட்டீர்கள்? தலைச்சுமை இறக்கும்போது காதில் மாட்டி இழுத்திருக்கலாம். கடலைக்கொடிப் போர் எங்கே இருக்கிறது?

வட்டக்கிணறு – ஞாயிறு இரவு 8.52

வாங்க அண்ணா, மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில். போர் கட்டுத்தரைக்குப் பக்கத்தில். பாதிக்கு மேல் மாடு தின்றுவிட்டதே. ஐயோ.

வட்டக்கிணறு – அடுத்த ஞாயிறு இரவு 10.05

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் ஏழு மணிக்கே வந்துவிட்டார். வந்ததும் அம்மாவிடம் என்ன பேசினாரோ, அம்மா இடது காதுத் தோட்டைக் கழற்றி, ஒரு சிவப்பு நூலில் கட்டி, நூலின் மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு மண்ணில் வைத்தார். மெஷின் 34, 35, 36 என்று காட்டியது. நாலு விரல் ஆழத்தில் நம்பர் தடுமாறியது, ஆனால் சத்தம் ரெண்டு பக்கமிருந்து வீசினாலும் வந்தது. அதைக் காதில் ஏற்றிக்கொள், நம்பரை அப்புறம் பார் என்றார் அண்ணன்.

காட்டில் கயிறு பிடித்து, கயிற்றுக்குக் கயிறு ஒரு காயில் அகலம் கூடத் தப்பாமல், காயிலைத் தரையை ஒட்டி, அரிவாள் வீசுகிற மாதிரி நுனியில் தூக்கிவிடாமல் நடந்தோம். நான் முதல் அரை மணி நேரம் தூக்கித் தூக்கி வீசித் திட்டு வாங்கினேன். பதினொரு மணிக்குள் கிடைத்தவை: லாடம் ஏழு, லாடத்தாணி கணக்கில்லை, ஒரு பழைய கலப்பைக் கொழு, பித்தளைச் சலங்கை ஒன்று, நடுவில் ஓட்டை போட்ட காலணா ஒன்று, 1944. அப்பா அந்தக் கொழுவைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருடைய அப்பா அடித்து வாங்கியதாம். தோடு இல்லை.

மத்தியானத்துக்கு மேல் கட்டுத்தரை. போர் இருந்த இடத்தில் குப்பையை வழித்துவிட்டு வீசினோம். மெலிசாக ஒரு சத்தம். அந்தக் கேரட்டை வைத்துத் துழாவினால், தோட்டின் திருகாணி! அரிசி அளவு. ஒரு விரல் ஆழம் கூட இல்லை. அம்மா கையில் வைத்துக்கொண்டு அழவும் இல்லை சிரிக்கவும் இல்லை. திருகாணி இங்கே என்றால் தோடும் இங்கேதான் கழன்றிருக்கும், காட்டில் இத்தனை நாள் தேடியது தண்டம்.

தோடு அங்கேயும் இல்லை. அப்போதுதான் அம்மா மாட்டைப் பார்த்தார்.

நொய்யல்நரி – ஞாயிறு இரவு 10.11

ஐயையோ. எழுதுங்கள், எழுதுங்கள்.

வட்டக்கிணறு – ஞாயிறு இரவு 10.32

காங்கயம் பசு, கன்று போட்டு நாலு மாதம், அப்பாவைத் தவிர வேறு ஆள் கிட்டே போனால் உதைக்கும். அப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் காயிலை வயிற்றுக்கு அடியில் மெதுவாகக் கொண்டு போனார். வயிற்றில் ஒன்றும் இல்லை. இடது முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுக்குக் கீழே போனதும் கரகரவென்று அடித்தது. ஆனால் 35 இல்லை. இரும்புச் சத்தம், கீழ் நம்பர். ரெண்டு தடவை பார்த்தோம், மூன்றாவது தடவை பசு அனுமதிக்கவில்லை.

இன்றைக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். தீனியோடு ஆணியோ கம்பியோ முழுங்கினால் ரெண்டாவது இரைப்பையில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், குத்திக்கொண்டு இதயம் வரைக்கும் போனால் மாடு போய்விடுமாம். ஒரு மாதமாகப் பால் குறைகிறது, சரியாக அசை போடுவதில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. விரல் நீளத்துக்கு ஒரு காந்தத்தை முழுங்க வைத்தார் டாக்டர். அது உள்ளேயே இருந்து ஆணியைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

சென்னிமலைக்காரி – ஞாயிறு இரவு 10.50

மெஷின் ஒரு நாள் வந்ததற்கு மாடு பிழைத்தது. அம்மாவுக்குக் கொஞ்சமாவது ஆறுதலா?

வட்டக்கிணறு – ஞாயிறு இரவு 10.58

‘மாடு சரி, தோடு எங்கே’ என்கிறார் அக்கா.

கொழுமுனை – திங்கள் காலை 6.20

எருக்குழி தம்பி. கட்டுத்தரையைத் தினமும் கூட்டி எங்கே தள்ளுகிறீர்கள்? எருவில் மண் இரைச்சல் இருக்காது, மெஷின் நன்றாகப் பேசும். ஒரேயடியாகக் குழி மேல் வீசாதீர்கள், கூடை கூடையாக அள்ளிக் களத்தில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி அதன் மேல் வீசுங்கள்.

வட்டக்கிணறு – மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.15

சிம்ப்ளெக்ஸே வாங்கிவிட்டேன். பட்ஜெட்டைத் தாண்டியது, அதை வீட்டில் சொல்லவில்லை. பின்பாயிண்டர் அடுத்த சம்பளத்துக்கு, அதுவரை அண்ணனுடையது இங்கேதான் இருக்கிறது.

பசு நன்றாக அசை போடுகிறது. எருக்குழியில் பாதி பரப்பியாயிற்று. இன்றைக்கு 35 வந்தது, ரெண்டு பக்கமும் அதே சத்தம், அம்மா சிவப்பு நூலோடு ஓடி வந்தார். கையால் துழாவி எடுத்தால் மாத்திரை அட்டை, போன வருடம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கியது.

வெள்ளிக்கிழமை எரு வாங்க டிராக்டர் வருவதாக இருந்தது. அம்மா போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீதிப் பாதி அடுத்த ஞாயிறு. யாராவது வருவதாக இருந்தால் களைக்கொத்து ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டில் ரெண்டுதான் இருக்கிறது.